.22 ரைபிள்: முதலில் அளவு, அப்புறம் துடைப்பு, செலவு கடைசியில்

எங்கள் கோலாலம்பூர் கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். குண்டு நினைத்த இடத்தில் விழவில்லை என்றதும் புது ஸ்கோப் வாங்குகிறார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பேரலைப் பளபளவென்று தேய்க்கிறார்கள், அப்புறம் தோட்டாவைத் திட்டுகிறார்கள். நாலு மாதம் கழித்து யாராவது ஒருவர் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைத் திருகிப் பார்த்தால், அது அரைச் சுற்று சும்மாவே சுற்றுகிறது.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் காசும் மிச்சம், மண்டைக்குடைச்சலும் மிச்சம். நான் பேசப்போவது .22 லாங் ரைபிள் தோட்டா போடுகிற போல்ட் ரைபிளைப் (பின்னால் இருக்கும் போல்ட் என்ற உருளையைக் கையால் திறந்து மூடிச் சுடுவது) பற்றி, அதுவும் 50 மீட்டரில் அட்டை சுடுகிறவர்களுக்காக. மற்ற வகைகளுக்குப் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

1. காகிதமும் காலி சேம்பரும்

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஏர் ரைபிளைக்கூட விட்டுவைக்கவில்லை, .22-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இணையத்தில் அமெரிக்கக்காரர் ஒருவர் சமையலறை மேசையில் பழைய பேரலைக் கழற்றிப் புதுப் பேரல் மாட்டுகிறாரே, அது அங்கே சரி, இங்கே நமக்கு இல்லை. பேரல், போல்ட், ட்ரிகரின் உள்பாகம் இம்மூன்றிலும் மாற்றமோ பழுதோ என்றால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் போக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைத்துவிட்டுச் சுங்கத்துறைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், காசு கொடுக்கும் முன் கிளப் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்தது, எந்த வேலைக்கும் முன் செய்ய வேண்டியது: மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறங்கள், சேம்பருக்குள், அதாவது பேரலின் பின்னால் தோட்டா உட்காரும் இடத்துக்குள், கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். கண் மட்டும் போதாது, ஏனென்றால் .22 தோட்டா சிறியது, எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி) பிடிக்காமல் விட்ட தோட்டா இருட்டில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டைத் திறந்து மூடினால் நீங்களே ஒரு தோட்டாவை உள்ளே ஏற்றிவிடுவீர்கள். துடைக்கிற மேசையில் தோட்டாப் பெட்டி இருக்கவே கூடாது.

2. கையில் இருக்க வேண்டியவை

பட்டியல் நீளம் இல்லை, ஆனால் இரண்டு பொருளில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

ஒன்று, துடைக்கும் கம்பி. மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கிற அலுமினியக் கம்பி ஒரு பெட்டியில் பத்து சாமானோடு வரும், பார்க்க அழகாக இருக்கும். அதன் மூட்டுகள் பேரலின் உள்வரிகளில் (குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளங்களில்) உரசும், மெத்தென்ற அலுமினியத்தில் பொடி மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாளாகவே மாறும். ஒரே துண்டாக, மேலே பூச்சு போட்ட எஃகுக் கம்பியோ கார்பன் ஃபைபர் கம்பியோ வாங்குங்கள். கைப்பிடி தானாகச் சுழல வேண்டும், அப்போதுதான் துணி உள்வரியைப் பின்பற்றித் திரும்பிக்கொண்டு போகும்.

இன்னொன்று போர் கைடு. போல்ட் இருந்த இடத்தில் நுழைகிற பிளாஸ்டிக் குழாய் அது. கம்பி நடுவில் நேராகப் போகவும், அழுக்குத் திரவம் ட்ரிகருக்குள் வழியாமல் இருக்கவும் இதுதான் காவல். இது இல்லாமல் துடைத்துத் துடைத்து சேம்பர் வாயைத் தேய்த்துவிட்ட ரைபிள்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்றதெல்லாம் சாதாரணம். .22 அளவு பித்தளை ஜாக் (கம்பியின் நுனியில் துணியைப் பிடிக்கும் முனை), நைலான் பிரஷ் ஒன்று, வெண்கல பிரஷ் ஒன்று, கார்பன் கரைக்கும் திரவம், ஹோப்பிஸ் நம்பர் 9 மாதிரி பொதுத் திரவம், கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய், பல்குத்தும் குச்சி. துணிக்கு நான் பயன்படுத்துவது அப்பாவின் பழைய வேட்டி. இருபது வருடம் துவைத்த பருத்தி, நூல் உதிராது, ஈரத்தை நன்றாக உறிஞ்சும், 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சதுரம் வெட்டினால் கணக்காக இருக்கும்.

செம்பு கரைக்கிற அம்மோனியா திரவம் வேண்டாம். .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகு, சிலவற்றில்தான் மெல்லிய செம்புப் பூச்சு. கரைக்கிற அளவுக்கு அங்கே செம்பு கிடையாது.

இதோடு ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு டார்க் ஸ்குரூடிரைவர் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்குவது), ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே குட்டிப் புத்தகம்தான், சட்டைப் பையில் அடங்கும்.

3. துடைக்கும் முன் சுடுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. ரைபிள் சரியில்லை என்று தோன்றியவுடன் கை கம்பியைத் தேடுகிறது. துடைத்த பிறகு நன்றாகச் சுட்டால் துடைத்ததால் சரியானதா, அன்றைக்குக் காற்று இல்லாததால் சரியானதா என்று எப்படித் தெரியும்? முன்பு எப்படி இருந்தது என்ற எண் கையில் இருந்தால்தான் பின்பு எப்படி இருக்கிறது என்று பேச முடியும்.

ஆகவே முதல் நாள் எதையும் தொடாமல், வழக்கமாகச் சுடுகிற தோட்டாவில் 50 மீட்டரில் ஐந்து ஐந்தாக ஐந்து குரூப் சுடுங்கள் (ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகளின் கூட்டம்தான் குரூப்). முன்னால் ஒரு மணல் பை, பின்னால் ஒரு மணல் பை, தோள் லேசாகத் தொட்டால் போதும். இப்போது சோதிப்பது ரைபிளைத்தான், உங்கள் கையை இல்லை. முன் பை கட்டையின் (ரைபிளைத் தாங்கும் உடல், ஸ்டாக்) அடியில் இருக்கட்டும், பேரலின் அடியில் முட்டுக்கொடுத்தால் குண்டு வேறு இடத்துக்குப் போகும்.

நேரம் முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் காலை எட்டிலிருந்து பத்துக்குள் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். மத்தியானம் தாண்டினால் மழைக்கு முன் ஒரு காற்று கிளம்பும், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் பக்கக் காற்று, அதாவது முகத்தில் பட்டும் படாமலும் தெரிகிற காற்று, 50 மீட்டரில் குண்டை ஏறத்தாழ 6 மி.மீ. தள்ளிவிடும். கொடி கட்ட வழியில்லை என்றால் ஒரு குச்சியில் நூல் கட்டி முன்னால் நட்டு வையுங்கள், நூல் ஒரே மாதிரி தொங்கும்போது மட்டும் சுடுங்கள்.

அட்டையில் தேதி, தோட்டாவின் பெயர், பெட்டி மேல் இருக்கிற லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரித்தது என்ற எண்), நேரம், முந்தைய துடைப்புக்குப் பின் எத்தனை தோட்டா போயிருக்கிறது, எல்லாம் எழுதுங்கள். அட்டையை வீசாதீர்கள்.

4. துடைப்பு: சேம்பருக்கு மரியாதை, பேரலுக்கு நிதானம்

.22-இல் அழுக்கு எங்கே சேர்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பேரல் முழுக்கப் படிவது மெழுகும் கொஞ்சம் கரியும்தான், மெல்லிய படலமாக. அது கெடுதல் இல்லை, பார்க்கப்போனால் துருவுக்கு ஒரு காப்பு. உண்மையான வில்லன் சேம்பர் முடிந்து உள்வரி தொடங்குகிற இடம். அங்கே கரியும் ஈயமும் மெழுகும் சூட்டில் வெந்து ஒரு கறுப்பு வளையமாக இறுகிவிடும். அடுத்து வருகிற குண்டு ஒவ்வொன்றும் அந்த வளையத்தில் இடித்துக்கொண்டுதான் உள்ளே போகும், மெத்தென்ற ஈயம் அங்கேயே கொஞ்சம் நசுங்கும். போல்ட் மூடும்போது முன்பு இல்லாத ஒரு இறுக்கம் தெரிந்தால் வளையம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை இப்படிப் போகட்டும். போல்ட்டை உருவி எடுத்துவிட்டு, ரைபிளை முனை கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி தாங்கியில் வையுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் திரவம் ட்ரிகருக்கும் மரக்கட்டைக்கும் வழியும். வழிந்த திரவத்தில் கட்டையின் மரம் ஊறி மென்மையாகும், அப்புறம் ஸ்குரூ எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

போர் கைடை நுழைத்து, பொதுத் திரவத்தில் நனைத்த துணியைப் பின்னாலிருந்து முன்னால் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். முனையில் வெளிவந்ததும் துணி கீழே விழட்டும், அதை அப்படியே பின்னால் இழுக்கக் கூடாது. காரணம் இரண்டு: வெளியே வந்த அழுக்கை மறுபடி உள்ளே கொண்டுபோகிறீர்கள், அதோடு முனையின் விளிம்பைக் கம்பி உரசுகிறது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அந்த விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்தால் பின்னால் இருந்து வருகிற வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு குண்டின் அடியைத் தள்ளிவிடும். அதனால்தான் முனையிலிருந்து கம்பி விட்டுத் துடைக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறோம்.

முதல் துணி கறுப்பாக வரும், மெழுகு வாசனை அடிக்கும். இரண்டாவது சாம்பல் நிறம். அதில் வெள்ளி ஜரிகை மாதிரி சின்னச் சின்னச் செதில் மினுங்கினால் அது ஈயம். ஒன்றிரண்டு சகஜம், துணி முழுக்க மினுங்கினால் பேரலில் எங்கேயோ சொரசொரப்பு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வளையம். கார்பன் கரைப்பானில் நனைத்த நைலான் பிரஷை சேம்பருக்கு அப்பால், உள்வரி தொடங்கும் இடம் வரை மட்டும் விட்டு, கம்பியைக் கையால் பிடித்து வலப்பக்கமாக மெல்ல ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். அந்த நேரத்தில் போல்ட்டைப் பார்க்கலாம். ஊறியபின் இன்னொரு முறை சுற்றி, காய்ந்த துணி இரண்டு தள்ளுங்கள். முதல் துணியின் ஓரத்தில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு கோடு வரும், அதுதான் நீங்கள் தேடியது. கோடு வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். நைலான் ஒன்றும் செய்யவில்லை என்றால்தான் வெண்கல பிரஷ், அதுவும் அந்த இடத்துக்கு மட்டும்.

போல்ட்டின் முகப்பில் எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் பசை மாதிரி ஒன்று சேர்ந்திருக்கும், பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுங்கள். ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) ஓடுகிற பள்ளத்தில் எண்ணெய் நிறைய விடாதீர்கள். எண்ணெயும் கரியும் சேர்ந்து குழம்பாகி பின்னின் அடியை மந்தமாக்கும், ரிம்மில் (தோட்டாவின் அடி விளிம்பில்) அடி பலமாக விழாவிட்டால் தோட்டா வெடிக்காது, வெடித்தாலும் ஒரே மாதிரி வெடிக்காது. அந்தப் பள்ளம் கிட்டத்தட்ட உலர்ந்தே இருக்கட்டும்.

எத்தனை தோட்டாவுக்கு ஒரு முறை என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் சேம்பரை 150, 200 தோட்டாவுக்கு ஒரு முறை பார்க்கிறேன். பேரல் முழுவதற்கும் குரூப் விரிய ஆரம்பித்தால்தான். சிலர் சுட்ட ஒவ்வொரு நாளும் முழுசாகத் துடைக்கிறார்கள், அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை, கம்பியும் போர் கைடும் சரியாக இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் நாளைக்குப் போட்டி என்றால் இன்றைக்கு ராத்திரி பேரலைத் தொடாதீர்கள். நான் ஒரு முறை தொட்டேன். கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுபோய், முதல் பத்து குண்டு எங்கே போகிறது என்றே தெரியாமல், திருத்துவதற்காக ஸ்கோப்பைத் திருகி, அப்புறம் பேரல் பழைய நிலைக்கு வந்ததும் அந்தத் திருத்தமே தப்பாகிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அப்புறம்தான் தே தாரேக். தோட்டாவின் ரிம்மில் வெடிக்கிற மருந்திலும் ஈயம் இருக்கிறது, குண்டிலும் இருக்கிறது, ரேஞ்சில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே சாப்பிடுகிற பழக்கத்தை விடுங்கள்.

5. துடைத்த பேரலுக்குப் பழகும் நேரம் கொடுங்கள்

மெழுகுப் படலம் திரும்ப ஒரே சீராகப் படியும் வரை குண்டு ஒரு இடத்தில் நிற்காது. பத்திலிருந்து இருபது தோட்டா வரை ஆகும், ரைபிளுக்கு ரைபிள் வேறு. இந்தத் தோட்டாக்களை வெற்று அட்டையில் சுடுங்கள், அளக்காதீர்கள், ஸ்கோப்பைத் தொடாதீர்கள்.

தோட்டாவின் பிராண்டை மாற்றினாலும் இதே கதைதான். ஒவ்வொரு பிராண்டின் மெழுகும் வேறு. ஐந்து தோட்டா இது, ஐந்து தோட்டா அது என்று மாற்றி மாற்றிச் சுட்டு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றின் மெழுகில் இன்னொன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

6. ஸ்குரூ, ஸ்குரூ, ஸ்குரூ

காசு செலவில்லாத மேம்பாடு இதுதான், இதில்தான் பலன் அதிகம். வரிசை கீழிருந்து மேலே.

முதலில் ரைபிளின் இரும்புப் பகுதியைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஸ்குரூக்கள். எவ்வளவு இறுக்கம் என்று கையேட்டில் இருக்கும், டார்க் ஸ்குரூடிரைவரால் அந்த அளவுக்கு இறுக்குங்கள். கை உணர்வை நம்பாதீர்கள், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கை வேறு மாதிரி இறுக்கும், குண்டும் வேறு இடத்தில் விழும். மரக்கட்டை என்றால் நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பும், ஏர்கான் அறையில் சுருங்கும், ஆகவே மாதம் ஒரு முறை சரிபாருங்கள்.

அடுத்து, பேரல் கட்டையைத் தொடுகிறதா? ஒரு ரிங்கிட் நோட்டை எடுங்கள். அது பிளாஸ்டிக் நோட்டு, வழுக்கிக்கொண்டு போகும். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து முனையிலிருந்து பின்னால் இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது மாட்டினால் அங்கே கட்டை பேரலை முட்டுகிறது, சூடேற ஏற அந்த முட்டல் மாறும், குரூப் ஒரு பக்கமாக நகரும். சில ரைபிள்களில் முன்னால் வேண்டுமென்றே ஒரு முட்டு வைத்திருப்பார்கள், கையேட்டைப் பார்க்காமல் உப்புத்தாளை எடுக்காதீர்கள்.

அப்புறம் ஸ்கோப். அடிப்பகுதி 11 மி.மீ. டவ்டெயிலில் (ரைபிளின் மேல் வெட்டியிருக்கும் சாய்வான பள்ளத்தில்) உட்கார்ந்திருக்கிறதா, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். வளையத்தின் மேல் ஸ்குரூக்கள் பொதுவாக 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர் வரை போதும். குறுக்குக்குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் திரும்பிக்கொள்ளும், மிஞ்சினால் குழாயே நசுங்கும். போன வருடம் ஒரு தம்பி வந்தார், "அண்ணே, இந்த ரைபிள் பேரல் போச்சு, கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று. ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டினேன், டக் டக் என்று சத்தம் வந்தது. பேரல் இன்னும் அதேதான், தம்பி இப்போது என்னைவிட நன்றாகச் சுடுகிறார்.

கடைசியாகப் பாரலாக்ஸ். ரைபிளை மணல் பையில் அசையாமல் வைத்து, ஸ்கோப்பில் கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். குறுக்குக்கோடு அட்டையின் மேல் நீந்தினால் தூரம் சரியாக வைக்கப்படவில்லை. பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகள் பலவற்றில் இது 100 கெஜத்துக்கோ அதற்கு மேலோ நிலையாக வைக்கப்பட்டிருக்கும், 50 மீட்டரில் உங்கள் தலை நகர்வதற்கு ஏற்பக் குண்டு விழுகிற இடமும் நகரும். திருகி மாற்றுகிற வசதி உள்ள ஸ்கோப் என்றால் கோடு நீந்துவது நிற்கும் வரை திருப்புங்கள், வளையத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டியதில்லை.

7. தோட்டா: பிராண்டைவிட லாட்

ஒரே ரைபிள், ஒரே ஆள், ஒரே காலை. ஒரு தோட்டாவில் குரூப்பின் அகலம் 12 மி.மீ., இன்னொன்றில் 25 மி.மீ. .22-இல் இது அதிசயமில்லை. பெரிய தோட்டாக்களை வீட்டிலேயே அளந்து நிரப்புகிறவர்கள் உலகில் உண்டு, .22 மாதிரி ரிம்மில் அடிபட்டு வெடிக்கிற ரிம்ஃபயரில் அது கிடையாது. ஆலை கொடுத்ததைத்தான் சுட வேண்டும்.

வேகம் அதிகமுள்ளது நல்லது என்று நினைக்காதீர்கள். போட்டித் தோட்டாக்கள் விநாடிக்கு 325, 330 மீட்டர் என்று ஒலியின் வேகத்துக்குக் கீழேயே ஓடும். விநாடிக்கு 380 மீட்டர் போகிற வேகத் தோட்டா, ஒலியின் வேகத்துக்கு மேலே கிளம்பி, இடையில் அதைக் கீழ்நோக்கிக் கடக்கும்போது குலுங்கும். டப்பாவில் ஸ்டாண்டர்ட் அல்லது மேட்ச் என்று இருப்பதிலிருந்து தொடங்குங்கள்: சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி, லாபுவா, எது உங்கள் லைசென்சுக்கும் பைக்கும் கட்டுப்படுகிறதோ அது.

ஒரே பிராண்டிலும் லாட்டுக்கு லாட் வித்தியாசம் உண்டு. வேகம் விநாடிக்கு 10 மீட்டர் வேறுபட்டாலே 50 மீட்டரில் குண்டு 7, 8 மி.மீ. மேலோ கீழோ போகும். அட்டையில் ஓட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நெட்டுக்குத்தாக வரிசை கட்டினால் முதலில் தோட்டாவைச் சந்தேகப்படுங்கள். படுக்கையாகப் பரவினால் காற்று, அல்லது ட்ரிகர் விரல். நாலு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சோதித்து, ரைபிளுக்குப் பிடித்ததில் அதே லாட் எண்ணில் உங்கள் அனுமதி விடுகிற அளவுக்கு மொத்தமாக வாங்கிவிடுங்கள். பெயர் அதேதான் என்று ஆறு மாதம் கழித்து வாங்கினால் அது வேறு தோட்டா.

8. துல்லியத்தை அளப்பது: உங்களை நீங்களே ஏமாற்றாமல்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏமாறுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், சுட்ட அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் முதலில்.

அளக்கும் முறை எளிது. குரூப்பில் ஒன்றுக்கொன்று அதிகத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை காலிப்பரால் அளந்து, ஒரு ஓட்டையின் அகலத்தைக் கழியுங்கள். குண்டின் விட்டம் 5.6, 5.7 மி.மீ. என்றாலும் அட்டை சுருங்கிக்கொள்வதால் ஓட்டை அதைவிடச் சின்னதாக இருக்கும். அதே அட்டையில் தனியாக விழுந்த ஒரு ஓட்டையை அளந்து அந்த எண்ணைக் கழிப்பதுதான் நேர்மை.

இப்போது அந்த எண்ணுக்கு எவ்வளவு மரியாதை கொடுப்பது? சராசரியாக 15 மி.மீ. குரூப் சுடுகிற ஒரு ரைபிள், எந்தக் கோளாறும் இல்லாமலே ஒரு தடவை 9, ஒரு தடவை 21 என்று சுடும். ஐந்து குண்டு குரூப்பின் அளவு தற்செயலாகவே நான்கில் ஒரு பங்கு அளவுக்கு மேலும் கீழும் ஆடும், சில சமயம் அதைவிடவும் அதிகமாக. அந்த 9 மி.மீ. அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டு "என் ரைபிள் இப்படித்தான் சுடும்" என்கிறவரிடம் மற்ற அட்டைகள் எங்கே என்று கேளுங்கள்.

மூன்று குண்டு குரூப் இன்னும் மோசம். அதே ரைபிள் ஐந்து குண்டில் 15 மி.மீ. சுட்டால் மூன்று குண்டில் சராசரி 12-க்குக் கீழே வரும், பத்து குண்டில் 18, 19 வரும். ரைபிள் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. ஆகவே ஒருவருடைய மூன்று குண்டு அட்டையையும் உங்களுடைய பத்து குண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருத்தப்படாதீர்கள்.

நான் செய்வது: ஐந்து குண்டு குரூப் ஐந்து, அதன் சராசரி. எந்த அட்டையையும் விலக்குவதில்லை. "அந்த ஒரு குண்டு நான் இழுத்துவிட்டேன்" என்று சுடும் கணத்திலேயே, அட்டையைப் பார்க்கும் முன்பே, 555 புத்தகத்தில் எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. பார்த்த பிறகு சொல்வது சாக்கு. இரண்டு தோட்டாக்களின் சராசரி 15-ம் 16-மாக இருந்தால் அது வித்தியாசமே இல்லை. இந்த ஐந்து ஐந்து சோதனையில் 15-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளி இருந்தால்தான் ஓரளவு நம்பலாம், அதையும் இன்னொரு நாள் திரும்பச் சுட்டு உறுதிசெய்யுங்கள்.

சரி, எவ்வளவு இருந்தால் போதும்? ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) 50 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 8 மி.மீ.-க்குள் இருந்தால் போதும். அப்படியானால் மையத்துக்கு மையம் 16 மி.மீ. வட்டத்துக்குள் எல்லாக் குண்டையும் போடுகிற ரைபிள் பத்தைத் தவறவிட வேண்டியதில்லை. மணல் பையில் பத்து குண்டு 16-க்குள் நிற்கிறதா? இதற்கு மேல் குறையை ரைபிளில் தேடாதீர்கள், முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள்.

ஸ்கோப்பைத் திருத்துவதும் குரூப்பின் நடுவை வைத்துத்தான், ஒற்றைக் குண்டை வைத்து இல்லை. ஸ்கோப் திருகின் கால் நிமிடக் கிளிக் (நிமிடம் என்பது இங்கே கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஒன்று 50 மீட்டரில் 3.6 மி.மீ. நகர்த்தும். ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு கிளிக் திருப்புகிறவர் தன் குரூப்பைத் தானே பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார்.

9. இப்போது செலவு

மேலே உள்ளதெல்லாம் முடிந்து எண்கள் புத்தகத்தில் இருந்தால் மட்டும் பர்சைத் திறங்கள். என் வரிசை: நல்ல பின் மணல் பை, ஒத்துப்போன லாட்டில் தோட்டா, கன்னம் ஒரே இடத்தில் பதிகிற மாதிரி கட்டையின் உயரம், தோளுக்குப் பொருந்துகிற பின்தட்டு, சிலிங் வார், அதற்குப் பின்தான் ஸ்கோப். கன்னத்தின் உயரத்தை நுரை ரப்பரும் டேப்பும் வைத்தே முதலில் சோதிக்கலாம், பத்து ரிங்கிட் ஆகாது. கண் ஸ்கோப்புக்கு நேராகத் தானாக வந்து உட்கார்ந்தால் உயரம் சரி. கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் இருபதாவது குண்டுக்குள் களைத்துவிடுவீர்கள்.

ட்ரிகரின் எடையை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் பலத்தை, கையேடு சொல்கிற வெளித் திருகாணியில், அது சொல்கிற எல்லைக்குள் மாற்றலாம். மாற்றியபின் காலி சேம்பரோடு போல்ட்டை ஓங்கி மூடிப் பாருங்கள், கட்டையின் பின்புறத்தை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். ஃபயரிங் பின் தானாக விழுந்தால் மிகவும் குறைத்துவிட்டீர்கள், அப்படியே கடைக்காரரிடம் கொண்டுபோங்கள். இன்னொன்று, ரிம்ஃபயரைத் தோட்டா இல்லாமல் வெறுமனே இழுத்துப் பழகலாமா என்பதும் கையேட்டில்தான் இருக்கும். சில பழைய ரைபிள்களில் ஃபயரிங் பின், சேம்பரின் விளிம்பில் நேராக அடித்துத் தழும்பாக்கிவிடும், அப்புறம் தோட்டா உள்ளே போகாது, போனால் வெளியே வராது.

முனையில் மாட்டுகிற ட்யூனர் (பேரலின் அதிர்வை மாற்றத் திருகி நகர்த்தும் எடை) பற்றிக் கேட்பீர்கள். நான் ஒன்று வாங்கினேன், ஆறு மாதம் திருகினேன், என் எண்களில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் தெரியவில்லை, விற்றுவிட்டேன். 16 மி.மீ.-க்குள் சுடுகிறவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

10. வீட்டுக்குக் கிளம்பும் முன்

ஏர்கான் காரிலிருந்து ரைபிளை எடுத்து நேராக வெயிலில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் இரும்பெல்லாம் வியர்க்கும், ஸ்கோப்பின் கண்ணாடி பனி பிடிக்கும். பெட்டியைத் திறக்காமல் கால் மணி நேரம் நிழலில் வையுங்கள், வெளிச் சூட்டுக்கு வரட்டும்.

சுட்டு முடித்ததும் வெளி இரும்பை, முக்கியமாகக் கை பட்ட இடங்களையும் போல்ட் கைப்பிடியையும், எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். வியர்வையின் உப்பு ஒரே ராத்திரியில் ஆரஞ்சு நிறப் புள்ளி போடும், விரல்ரேகை அப்படியே தெரியும், என் பழைய ரைபிளில் ஒரு கட்டைவிரல் இன்னும் இருக்கிறது. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் வாரக்கணக்கில் காவல் காக்காது. மேலே துப்பாக்கி எண்ணெய் ஒரு படலம் வேண்டும்.

நுரை வைத்த பெட்டி கொண்டுபோவதற்கு மட்டும். நுரை ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பூட்டிய அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள், பக்கத்தில் சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் அடுப்பில் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். போல்ட்டைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அப்புறம் 555 புத்தகத்தில் அன்றைய தோட்டாக் கணக்கை எழுதுங்கள், லைசென்ஸ் புத்தகத்துக் கணக்கோடு அன்றைக்கே ஒப்பிடுங்கள். அடுத்த வாரம் யோசித்து எழுதினால் இரண்டும் ஒத்துவராது.